ஆட்டத்தை விட்டு இறங்காத நாட்டியப் பேரொளி! - பத்மினியின் நீண்ட திரைப்பயணம்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் என்றைக்காவது ஏறியிருக்கிறீர்களா? திருவள்ளூரைத் தாண்டி கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்தால் திருவாலங்காடு ஸ்டேஷன் வரும். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் வடாரண்யேஸ்வரர் கோயில். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இதுதான்.

இந்த ஊருக்கு ஒரு நடனப் போட்டிக் கதை உண்டு. சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். யாரும் சளைக்கவில்லை. ஆட்டத்தின் வேகத்தில் சிவனின் காதிலிருந்து குண்டலம் கழன்று விழுகிறது. ஆட்டத்தை நிறுத்தாமலே அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலை வரைக்கும் தூக்கி, காதில் மாட்டிக்கொள்கிறார். அதுதான் ஊர்த்துவ தாண்டவம். அத்தனை பேர் கூடிய சபையில் அப்படிக் காலைத் தூக்க காளிக்கு நாணம். ஆட்டத்தை நிறுத்துகிறாள். போட்டி முடிகிறது.

காளிக்கு ஆடத் தெரியாமலா போச்சு? இல்லை. ‘பொம்பளைன்னா இதுக்கு மேல போகக் கூடாது’ என்று ஒரு கோடு இருந்தது. அவ்வளவுதான்.

நம் சினிமாவிலும் கதாநாயகிகளுக்கு அப்படி ஒரு கோடு இருந்தது, இன்னும்கூட முழுசாக அழியவில்லை. கல்யாணம் ஆனால் நிறுத்து. குழந்தை பிறந்தால் நிறுத்து. வெளிநாடு போய்விட்டால் மறந்துவிடு. தலை நரைத்தால் கேட்கவே வேண்டாம். இந்த நான்கு கோடுகளையும் தாண்டிய ஒருவரைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறோம். ‘நாட்டியப் பேரொளி’ பத்மினி. திரையுலகத்துக்குச் செல்லமாக ‘பப்பி’.

பூஜப்புரையிலிருந்து புறப்பட்ட மூவர்

1932 ஜூன் 12 அன்று திருவனந்தபுரம் பூஜப்புரையில் பிறந்தவர் பத்மினி. அக்கா லலிதா, தங்கை ராகினி. மூன்று பேரையும் சேர்த்து ‘திருவாங்கூர் சகோதரிகள்’ என்று அழைத்தார்கள். குரு கோபிநாத்திடமும், பிறகு டி.கே.மகாலிங்கம் பிள்ளையிடமும் நடனம் கற்றார்கள். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே மேடையில் பெயர் வாங்கியவர்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பத்மினியின் கதையில் அப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நடன மேதை உதயசங்கர், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த ‘கல்பனா’ 1948-ல் வெளியானது. பத்மினி திரையில் தோன்றிய முதல் படமாக இதைத்தான் சொல்வார்கள். முழுக்க முழுக்க நடனத்தையே கதையாகச் சொன்ன அந்தப் படத்தைப் பல்லாண்டுகளுக்குப் பிறகு பழுது பார்த்துப் புதுப்பித்து, 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.

அந்தக் காலத்துத் தமிழ், இந்திப் படங்களில் கதைக்கு நடுவே ஒரு நடனம் வைப்பது வழக்கம். ‘லலிதா - பத்மினி நடனம்’ என்று விளம்பரத்தில் போட்டாலே கூட்டம் வரும். கதையில் அவர்களுக்கு வேலை இருக்காது. வருவார்கள், ஆடுவார்கள், போய்விடுவார்கள். அந்த ‘நடனக்காரி’ இடத்திலிருந்து பத்மினியைக் கதாநாயகி ஆக்கியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1951-ல் அவர் இயக்கிய ‘மணமகள்’ படத்தில் நாயகி பத்மினி. அடுத்த ஆண்டு அவரே இயக்கிய ‘பணம்’ படத்தில்தான் சிவாஜி கணேசனும் பத்மினியும் முதன்முதலாக ஜோடி சேர்ந்தார்கள். ‘பராசக்தி’ வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. அதற்குப் பின் இந்த ஜோடி ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு படம் சொல்வார்கள்.

வயசை மீறிய வேஷங்கள்

அழகாக ஆடும் நாயகி என்கிற பெயர் கிடைத்த பிறகு, அதையே பிடித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். பத்மினி அப்படிச் செய்யவில்லை. 1954-ல் வந்த ‘எதிர்பாராதது’ படத்தின் கதை இன்றைக்குக் கேட்டாலும் தூக்கிவாரிப் போடும். காதலனின் அப்பாவையே கல்யாணம் செய்துகொள்ள நேர்ந்த பெண், காதலனுக்குச் சித்தியாக எதிரில் நிற்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்தபோது பத்மினிக்கு 22 வயது.

அடுத்த ஆண்டு ‘மங்கையர் திலகம்’. எல்.வி.பிரசாத் இயக்கிய இந்தப் படத்தில் சிவாஜிக்கு ஜோடி எம்.என்.ராஜம். பத்மினி அண்ணி. கொழுந்தனைத் தாயாக இருந்து வளர்க்கும் அண்ணி. நிஜத்தில் சிவாஜியைவிட நான்கு வயது சின்னவர். உச்சத்தில் இருக்கிற ஒரு நாயகி, தன் ஜோடிக்கே தாய் ஸ்தானத்தில் நடிக்க 23 வயதில் சம்மதித்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். ‘அப்புறம் ஜோடியா யார் கூப்பிடுவாங்க?’ என்ற பயம் வந்திருக்க வேண்டும். ஆனால், அதற்குப் பிறகும் சிவாஜியோடு ‘உத்தம புத்திரன்’ (1958), எம்.ஜி.ஆரோடு ‘மதுரை வீரன்’ (1956), ‘மன்னாதி மன்னன்’ (1960), ‘ராணி சம்யுக்தா’ (1962) என்று நாயகியாகவே தொடர்ந்தார்.

சரியான போட்டி

1958-ல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’. பத்மினியும் வைஜெயந்திமாலாவும் எதிரும் புதிருமாக ஆடும் நடனத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. முழுப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட பி.எஸ்.வீரப்பா சொல்லும் ‘சபாஷ், சரியான போட்டி’யை எங்கேயாவது பயன்படுத்தியிருப்பார்கள். பி.லீலாவும் ஜிக்கியும் குரல் கொடுக்க, சி.ராமச்சந்திராவின் இசையில் அமைந்த பாடல் அது. இதே கதையை ‘ராஜ் திலக்’ என்ற பெயரில் வாசன் இந்தியிலும் எடுத்தார். அதிலும் இதே இருவர்தான்.

அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இருவரின் பாணியும் வேறு வேறு. ஒருவர் அடியெடுத்து வைத்தால் இன்னொருவர் அதை வாங்கி, மாற்றி, திருப்பிக் கொடுக்கிறார். யார் ஜெயித்தார் என்ற விவாதம் அறுபது வருடங்களுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை. திரையிலும் போட்டி முடிவு தெரியாமலே நின்றுவிடுகிறது. திருவாலங்காட்டுப் போட்டிக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். இங்கே யாருமே நாணி ஒதுங்கவில்லை.

மாஸ்கோ, பம்பாய், கெய்ரோ

விமானத்தில் போவதே பெரிய சங்கதியாக இருந்த காலத்தில் பத்மினியின் பெயர் நாடு தாண்டிவிட்டது. இந்தியாவும் சோவியத் யூனியனும் சேர்ந்து தயாரித்த முதல் படம் ‘பர்தேசி’, 1957-ல் உருவானது. 15-ம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த அஃபனாஸி நிகிதின் என்ற வணிகரின் பயணக் கதை. குவாஜா அகமது அப்பாஸும் வசீலி புரோனினும் சேர்ந்து இயக்கினார்கள். நிகிதினாக ரஷ்ய நடிகர் ஒலெக் ஸ்த்ரிஷெனோவ். இந்தியத் தரப்பில் நர்கிஸ், பல்ராஜ் சஹானி, அரண்மனை நடன மங்கையாக பத்மினி. படம் ரஷ்ய மொழியிலும் வந்ததால், தமிழோ மலையாளமோ ஒரு வார்த்தை தெரியாத ரசிகர்கள் அங்கே அவருக்குக் கிடைத்தார்கள்.

பம்பாயில் ராஜ் கபூரோடு ‘ஜிஸ் தேஷ் மேன் கங்கா பஹ்தி ஹை’ (1960), ‘ஆஷிக்’ (1962), பிறகு ‘மேரா நாம் ஜோக்கர்’ (1970). கெய்ரோவில் 1960-ல் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது நமக்குத் தெரியும். அந்தப் படத்தில் வெள்ளையத்தேவனின் மனைவி வெள்ளையம்மாளாக நடித்த பத்மினியும் அந்த விழாவுக்குப் போயிருந்தார்.

இத்தனை மொழிகளுக்கு எப்படிப் போக முடிந்தது? வசனம் ஊருக்கு ஊர் மாறும். கண்ணும் புருவமும் கையும் பேசுவது மாறாது. பரதத்தில் அதற்குப் பெயர் அபிநயம். மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று பெரிதாகச் செய்வதை, கேமரா பக்கத்தில் வரும்போது பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவு பிடிபட்டவர்களுக்கு மொழி தடையில்லை. பத்மினிக்குப் பிடிபட்டிருந்தது.

முதல் இடைவேளை

1961-ல் டாக்டர் ராமச்சந்திரனோடு கல்யாணம். உச்சத்தில் இருந்தவர் சினிமாவை விட்டு விலகினார். மகன் பிறந்தான். அந்தக் கால வழக்கப்படி பார்த்தால் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே திரும்பி வந்தார். வந்ததும் ‘சித்தி’ (1966). கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கிய இந்தப் படத்தில், எம்.ஆர்.ராதாவுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு, மூத்த தாரத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண். படத்தின் பெயரே அவர் வேஷம்தான். ‘கல்யாணமான நடிகைக்கு மார்க்கெட் இல்லை’ என்று சொன்ன தொழிலில், ஒரு குழந்தைக்குத் தாயான நடிகையை நம்பி ஒரு படம் எழுந்து நின்றது.

பிறகு வந்தது 1968. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆக்கினார். நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, நாட்டியக்காரி மோகனாவாக பத்மினி. மறுபடியும் ஒரு போட்டிக் கதை; இந்த முறை நாதஸ்வரத்துக்கும் சலங்கைக்கும். அப்போது பத்மினிக்கு 36 வயது. கதையில் மோகனா இளம்பெண். யாருக்கும் உறுத்தவில்லை.

ஏன் உறுத்தவில்லை என்று தெரிய வேண்டுமானால் அந்தப் புகழ்பெற்ற சபைக் காட்சியைப் பாருங்கள். சண்முகசுந்தரம் மறைந்து நின்று பார்க்கிறார். அவர் பார்ப்பது மோகனாவுக்குத் தெரியும். தெரியும் என்பதைச் சபைக்குக் காட்டாமல், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி அபிநயம் பிடிக்க வேண்டும். கேலி, ஏக்கம், கோபம், கொஞ்சம் கர்வம்... எல்லாம் ஒரே முகத்தில் மாறி மாறி வந்து போகும். இருபது வயதுப் பெண் இதைவிட வேகமாக ஆடியிருக்கலாம். இந்த முகம் வருவதற்கு அனுபவம் வேண்டும்.

இரண்டே வருடத்தில் ‘வியட்நாம் வீடு’. பிரெஸ்டீஜ் பத்மநாபனின் மனைவி சாவித்திரி. சலங்கை இல்லை, அலங்காரம் இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்துவிட்ட கணவனின் மனசு உடையாமல் பார்த்துக்கொள்ளும் மடிசார் மாமி. மோகனாவையும் சாவித்திரியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

நியூ ஜெர்சியில் சலங்கை ஒலி

அதற்குப் பின் கணவரோடு அமெரிக்கா. இரண்டாவது இடைவேளை, இது நீளமானது. இந்த முறை கேமராவும் இல்லை, மேக்கப்பும் இல்லை. ஆனால் கையில் நடனம் இருந்தது. 1977-ல் நியூ ஜெர்சியில் நாட்டியப் பள்ளி தொடங்கினார்.

இன்றைக்கு அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் அரங்கேற்ற அழைப்பிதழ் வருகிறது. அன்றைக்கு நிலைமை வேறு. குடியேறிய முதல் தலைமுறைப் பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு நம் கலையைச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைப்பதே அரிது. அப்படிப்பட்ட காலத்தில் திரையில் பார்த்து வியந்த மோகனாம்பாளே வகுப்பில் தட்டுக்கழி பிடித்து உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும்! இந்திய நடனம் அங்கே வேர் பிடித்த கதையில் அந்தப் பள்ளிக்கு முக்கியமான இடம் உண்டு.

1981-ல் கணவர் காலமானார்.

காலிங் பெல் பாட்டி

மூன்றாவது வருகைதான் யாரும் எதிர்பாராதது. 1984-ல் இயக்குநர் ஃபாசில், ‘நோக்கெத்தாதூரத்து கண்ணும் நட்டு’ என்ற மலையாளப் படத்தில் அவரைப் பாட்டியாக நடிக்க வைத்தார். அடுத்த ஆண்டு அதையே தமிழில் ‘பூவே பூச்சூடவா’ என்று எடுத்தபோதும் பாட்டி அவர்தான். இரண்டிலும் பேத்தி நதியா. இரண்டு மொழிகளிலும் அது நதியாவின் முதல் படம்.

80-களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மகளை இழந்து, மனிதர்களை வெறுத்து, தனி வீட்டில் சிடுசிடுத்துக்கொண்டு வாழ்பவர். வாசலுக்கு வந்து நிற்கும் பேத்தியை முதலில் ஏற்றுக்கொள்ள மாட்டார். பிறகு அவளே உயிராகிவிடுவாள். கடைசியில் ஆபரேஷனுக்குப் போகும் பேத்தி திரும்பி வருவாளா, மாட்டாளா என்று தெரியாது. கழற்றிப் போட்டிருந்த காலிங் பெல்லை எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டுக் காத்திருப்பார். ஒரு வசனமும் தேவைப்படாத காட்சி. தியேட்டரில் அழாதவர்கள் குறைவு.

கவனித்தீர்களா? இந்தப் பாட்டி ஆடவே இல்லை. ஆனாலும் அது நாட்டியக்காரியின் நடிப்புதான். பரதத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதாக ஆக வேகமான அடவுகளும் ஜதிகளும் குறையும். பதம், அபிநயம் கூடும். கால் ஓயும்போது முகம் முன்னால் வரும். பத்மினியின் திரை வாழ்க்கையும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 16 வயதில் கால்கள் பேசின. 36-ல் காலும் முகமும் சேர்ந்து பேசின. 53-ல் முகம் மட்டுமே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு சிவாஜியோடு ‘தாய்க்கு ஒரு தாலாட்டு’ (1986), மலையாளத்தில் அரவிந்தனின் ‘வாஸ்துஹாரா’ (1991) என்று தேர்ந்தெடுத்து நடித்தார். 2006 செப்டம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். அக்காவும் தங்கையும் முன்பே போய்விட்டார்கள். சலங்கை மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. சகோதரரின் மகள் ஷோபனாவுக்கு ‘மணிச்சித்ரதாழ்’ படம் தேசிய விருது வாங்கித் தந்தது. நாட்டியக்காரி நாகவல்லியின் கதை அது. இயக்கியவர் அதே ஃபாசில்!

எதிரில் ஆடியவர் என்ன ஆனார்?

போட்டி நடனத்தின் இன்னொரு பாதியையும் சொல்லிவிட வேண்டும். வைஜெயந்திமாலா 1949-ல் ‘வாழ்க்கை’ படத்தில் அறிமுகமாகி, இந்தியில் உச்சம் தொட்டார். 1968-ல் டாக்டர் சமன்லால் பாலியை மணந்தார். அவருக்கும் டாக்டர் மாப்பிள்ளைதான்! கல்யாணத்தோடு சினிமாவை நிறுத்திக்கொண்டார், நடனத்தை நிறுத்தவில்லை. 2024-ல், தொண்ணூறு வயதில், பத்ம விபூஷண் பெற்றார்.

ஒருவர் விட்டு விட்டுத் திரும்பி வந்தார். இன்னொருவர் சினிமாவை விட்டுவிட்டு நடனத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரையும் காப்பாற்றியது ஒன்றுதான். வேலை போனாலும் தொழில் கையில் இருந்தது.

முதலில் எதைப் பார்க்கலாம்?

பழைய படம் என்றாலே ‘நீளமா இருக்குமே’ என்று தயங்குபவரா நீங்கள்? இந்த ஐந்தையும் இந்த வரிசையில் பாருங்கள்.

1. வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958): போட்டி நடனத்தில் கால்களை மட்டும் ஒருமுறை, முகங்களை மட்டும் ஒருமுறை.

2. மங்கையர் திலகம் (1955): 23 வயதில் தாய்மையை எப்படி நடிப்பது என்பதற்கு.

3. தில்லானா மோகனாம்பாள் (1968): மறைந்து நின்று சிவாஜி பார்க்கும் சபைக் காட்சிக்காக. மனோரமாவும் நாகேஷும் போனஸ்.

4. வியட்நாம் வீடு (1970): வீட்டில் ரிட்டயர் ஆன அப்பா இருந்தால், அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

5. பூவே பூச்சூடவா (1985): கடைசிப் பத்து நிமிடம். கர்ச்சீப் அவசியம்.

கோடு யார் போட்டது?

பத்மினிக்கு இருந்த வசதி எல்லாருக்கும் இருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும். குடும்பத்தின் ஆதரவு இருந்தது, பெயர் இருந்தது, கூப்பிட்டு வாய்ப்புக் கொடுக்கும் இயக்குநர்கள் இருந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, கல்யாணத்தோடு நின்ற பெண்ணுக்கு அப்படி யாரும் போன் பண்ணிக் கூப்பிடப் போவதில்லை. ‘நாலு வருஷம் கேப் விழுந்துடுச்சே, இனிமே யார் எடுப்பாங்க?’ என்ற கேள்வி நிஜமானது.

ஆனாலும் அவர் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. திரும்பி வந்தபோதெல்லாம் விட்ட இடத்தை அவர் கேட்கவில்லை. நாயகியாகப் போனவர் சித்தியாக வந்தார். மோகனாம்பாளாகப் போனவர் பாட்டியாக வந்தார். அந்தந்த வயதுக்கு என்ன இடமோ, அதில் முதல் ஆளாக நின்றார். கத்துக்கிட்ட தொழிலை இடைவேளையிலும் துருப்பிடிக்க விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் ரயிலில் ஏறி திருவாலங்காடு போய் வாருங்கள். போனால், நேராக நடராஜர் சந்நிதிக்கு நடந்துவிடாதீர்கள். முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவரைப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஊர் முறை. போட்டியில் நாணி நின்றவளுக்குத்தான் அங்கே முதல் மரியாதை.